பல் தடம் பதிந்த கரண்டி

மூன்று வருடத்துக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் வரலாறு நடத்துகிறேன். அன்று காலை எம்.ஏ. மாணவி ஒருத்தியை வகுப்பை விட்டு வெளியே அனுப்பிவிட்டேன். சாணார்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அது வீல் வீலென்று கத்த, எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "இது காலேஜா, பால்வாடியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

மதியம் என் அறைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் கடிதம். படிப்பை நிறுத்திக்கொள்கிறாளாம், நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "செத்த நேரம் நில்லு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் பாடத்துக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் தென்கிழக்கு ஐரோப்பாவில், டான்யூப் ஆற்றங்கரையில், ஏறக்குறைய எட்டாயிரம் வருடத்துக்கு முன் பயிர்செய்து ஊராக வாழத் தொடங்கியவர்களின் பொருட்கள். அதில் மாட்டெலும்பில் செதுக்கிய கரண்டி ஒன்று. கீழே 'சடங்குப் பொருள்' என்று எழுதியிருந்தேன். எதற்கென்று தெரியாததையெல்லாம் சடங்குப் பொருள் என்று எழுதிவிடுவது எங்கள் துறைக்காரர்களின் பழக்கம்.

"மேடம், அது சாமிக்கு இல்ல மேடம். புள்ளைக்குக் கஞ்சி ஊட்டுற கரண்டி" என்றாள் அவள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நுனியப் பாருங்க, இம்புட்டு இம்புட்டா பல்லுத் தடம். பல்லு மொளைக்கிறப்ப கரண்டியக் கவ்வுனா இதுக விடவே விடாதுக. எங்க வீட்டு பிளாஸ்டிக் கரண்டிக்கும் இதே கெதிதான்."

படத்தைப் பெரிதாக்கினேன். குட்டிக் குட்டித் தடங்கள். அடக் கடவுளே! இரண்டு பிள்ளைக்கு ஊட்டி வளர்த்தவள் நான், எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே! தேடிப் பார்த்தால், ஆய்வாளர்களும் பால்பல் தடம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வெட்கமாகிவிட்டது.

கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். "காலையில அப்படிக் கேட்டது என் தப்பும்மா. நாளைக்கு இந்தப் பாடத்தை நீ நடத்து. பாப்பாவையும் கூட்டிட்டு வா."

"அழுவாளே மேடம்?"

"அழட்டும். நான் வச்சுக்கிறேன்."

மறுநாள் அவள் அழகாக நடத்தினாள். பாப்பா என் மடியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த மாணவி படிப்பை முடித்து, இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை.

அன்று கையெழுத்துப் போட்டிருந்தால், எட்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தாயைப் பற்றிப் பெருமையாகப் பாடம் நடத்திக்கொண்டே, எதிரே நின்ற தாயை வீட்டுக்கு அனுப்பியவளாகியிருப்பேன். போடாமல் விட்டேனே என்ற நிம்மதி, நான் வாங்கிய பட்டங்களைவிட எனக்குப் பெரிது.