கனகலட்சுமி அக்காவின் முப்பத்தொன்பதாம் டோக்கன்

கே.கே. நகரில் நான் வேலை பார்க்கும் நரம்பியல் கிளினிக்கில் டாக்டரைவிட அதிகமாகப் பேசுகிறவர் கனகலட்சுமி அக்கா. வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருஷமாக வாசல் மேஜை அவருடையது. டோக்கன் எழுத வேண்டும், ஃபைல் எடுக்க வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முனிச்சாலையில் பஸ் ஏறி எட்டரைக்குள் வந்துவிடுவார். மேஜையைத் துடைத்துவிட்டு, ஃபோனில் தங்கையோடு சௌராஷ்டிர பாஷையில் ஐந்து நிமிஷம் சண்டை போடுவார். அதற்குப் பிறகுதான் கிளினிக் திறந்ததாக அர்த்தம்.

நான் தமிழ்வாணி. உள்ளே நரம்புப் பரிசோதனை அறையில் டெக்னீஷியன். சமயநல்லூரிலிருந்து வருகிறேன். டாக்டரின் கனைப்பு, மருந்துக் கம்பெனிக்காரரின் இங்கிலீஷ், மெடிக்கல் கடை அண்ணனின் மூக்கடைப்பு என்று எந்தக் குரலையும் மிமிக்ரி செய்யாமல் விட்டுவைத்ததில்லை. அக்காவின் குரல்தான் என் கையில் இருந்ததிலேயே நல்ல சரக்கு.

எங்கள் டாக்டர் வெங்கட்ரமணன், ஃபைலில் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தையை எழுதி அடிக்கோடு போடுவார். அந்த வார்த்தையோடு வெளியே வருகிறவர்கள் அக்காவின் மேஜைக்குத்தான் வருவார்கள். அதற்குத் தமிழில் என்ன என்று அக்கா சொல்ல மாட்டார். ஒரு துண்டுச் சீட்டில் 'வீட்டாருக்கு' என்று தலைப்புப் போட்டு, அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்தால் என்ன செய்யும் என்று எழுதிக் கொடுப்பார்.

அஃபேசியா என்றால்: 'ஆளுக்கு எல்லாம் தெரியுது. வார்த்தைதான் வாய்க்கு வரல. நீங்க முந்திக்கிட்டு சொல்லிக் குடுக்காதீங்க.'

அடாக்ஸியா என்றால்: 'தள்ளாடுவாரு. குடிச்சிருக்காருன்னு தெருவுல சொல்லுவாங்க. குடிக்கல, சிறுமூளை. பக்கத்து வீட்டுலயும் சொல்லி வைங்க.'

அக்னோசியா என்றால்: 'கண்ணு நல்லாத் தெரியுது. பாக்கறது என்னன்னுதான் புரியல. சாவியைக் கையில குடுங்க, தொட்டா சொல்லிருவாரு.'

பார்க்கின்சன் என்றால்: 'எல்லாம் மெதுவாகும். சட்டைப் பட்டன் போட லேட்டாகும். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கத்தாதீங்க. மாத்திரை நேரம் தவறக் கூடாது.'

இந்தக் கடைசிச் சீட்டை வாரத்துக்குப் பத்து தடவையாவது எழுதியிருப்பார்.

போன ஆடி மாசம், சாப்பாட்டு நேரத்தில் அக்கா மாதிரி நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஃபைல், கொஞ்சம் குனிந்த தோள், டக் டக்கென்று செருப்பு. நர்ஸ் முத்துமீனா சிரித்துவிட்டு, "வலது கை ஏன்டி கம்பு மாதிரி தொங்குது? வீசி நட" என்றாள். அக்கா அப்படித்தான் நடக்கிறார் என்றேன். சொன்ன பிறகுதான் என் கையை நானே பார்த்தேன். பார்க்கின்சனா என்று கண்டுபிடிக்க, தினமும் எத்தனை பேரை நடக்கவிட்டு, எந்தக் கை வீசவில்லை என்று பார்க்கிறோம். வாசலில் அக்கா நின்றிருந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாமே என் கண்ணில் பட்டது. டோக்கன் சீட்டில் பேரின் முதல் எழுத்து பெரிதாக இருக்கும், கடைசி எழுத்து எறும்பாகிவிடும். கேட்டால் பேனா சரியில்லை என்பார். படிக்கட்டு வரை கேட்கும் அந்தக் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. பேர் காதில் விழாமல் ஆட்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். மைக் வைக்கலாமென்றால் டாக்டருக்குப் பிடிக்காது. நோயாளியின் பேரை மனுஷ வாய்தான் கூப்பிட வேண்டும் என்பார்.

ஒரு நாள் அக்கா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"நீ பாத்துட்ட. எனக்கும் தெரியும். சார்கிட்ட மட்டும் சொல்லாத."

"மாத்திரை ஆரம்பிச்சா நல்லா இருப்பீங்கன்னு நீங்கதானக்கா எல்லார்கிட்டயும் சொல்றீங்க."

"ராஜபாண்டி அண்ணனை நெனச்சுப் பாரு. சார் அவரை வையல, வெரட்டல. அன்பா வீட்டுக்கு அனுப்பிட்டாரு. என்னையும் அப்படித்தான் அன்பா அனுப்புவாரு."

ராஜபாண்டி அண்ணன் எங்கள் லேப் அட்டெண்டர். கை நடுங்க ஆரம்பித்ததும் டாக்டர் சால்வை போட்டு, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவைத்தார். ஆறு மாசத்தில் அண்ணன் கட்டிலைவிட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டார். சால்வையைப் பிடித்து வழியனுப்பியது அக்காதான்.

அதனால் நான் ஒத்துக்கொண்டேன். தீபாவளியிலிருந்து, என் அறை வாசலில் நின்றுகொண்டு அக்காவின் குரலில் நான் கூப்பிட்டேன். அக்கா மேஜையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பார். உள்ளே டாக்டருக்குக் கனகலட்சுமியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் வாரம் எனக்கு அது விளையாட்டு. ஒரு மாசத்தில் தொண்டை கட்டியது. அதைவிட, அக்கா நாற்காலியிலிருந்து எழும்ப இரண்டு தடவை முயற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டே அவருடைய பழைய குரலில் கத்துவது அலுப்பாக இருந்தது. யாருக்கும் நல்லது செய்கிற மாதிரித் தோன்றவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை.

தை மாசம், ஒரு சனிக்கிழமை. முப்பத்தெட்டு டோக்கன். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்றைக் கேட்டு டாக்டர் அக்காவை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்தபோது நாற்காலி காலி. பாத்ரூம் போயிருப்பார் என்று நினைத்து, இருபத்தேழாம் டோக்கனைப் பார்த்து அக்கா குரலில் இழுத்தேன்: "சௌரிராஜன்... முனிச்சாலை சௌரிராஜன்..."

டாக்டர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவருக்கு எதிரே, கையில் ஃபைலோடு அக்கா.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். திரும்ப அக்காவைப் பார்த்தார்.

"நீங்க இங்க நிக்கறீங்க. அப்ப வெளில கூப்பிடறது யாரு?"

"வாணி, சார். தீபாவளியிலேர்ந்து அவதான்."

அந்தக் குரல் கதவுக்கு வருவதற்குள் தேய்ந்துவிட்டது. டாக்டர் ஃபைல் மேல் அக்கா எழுதியிருந்த பேரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கதவு வரைக்கும் நடந்து காட்டச் சொன்னார்.

"டோக்கன் இல்லாம யாரையும் பாக்க மாட்டீங்களே சார். இன்னும் பன்னெண்டு பேரு காத்திருக்காங்க" என்று அக்கா வெளியே வந்துவிட்டார்.

அந்தப் பன்னிரண்டு பேரையும் அக்காவே கூப்பிட்டார். கேட்காதவர்களைப் பெஞ்சுக்குப் போய்த் தொட்டுக் கூட்டிவந்தார். இரண்டேகால் மணிக்குக் கூடம் காலியானது. புது ஃபைல் ஒன்றை எடுத்துத் தன் பேரை எழுதினார். முப்பத்தொன்பது என்று டோக்கன் கிழித்து, போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கூப்பிடு. என் குரல்ல வேண்டாம்டி. உன் குரல்ல கூப்பிடு."

கூப்பிட்டேன். எனக்கே பழக்கமில்லாத குரலாக வந்தது. அக்கா மூன்றாவது முயற்சியில் எழுந்தார்.

உள்ளே கால் மணி நேரம். டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கவிட்டார். பரிசோதனைத் தாளை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். மைக்ரோகிராஃபியா, ஹைப்போஃபோனியா, பிராடிகைனீசியா என்று டாக்டர் ஒவ்வொன்றாக எழுத, எழுத்து சிறுத்தது, குரல் சிறுத்தது, அசைவு மெதுவானது என்று அக்கா தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கடைசியாக டாக்டர் ஒரு வார்த்தையை எழுதினார். அடிக்கோடு போடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"வாரத்துக்கு ஆறு நாள் உங்களப் பாக்கறேன். எனக்குத் தெரியலையே."

"நான் உக்காந்திருக்கிறப்பதான சார் பாப்பீங்க."

மாத்திரையை எழுதிவிட்டு, கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொண்டால் என்ன என்று டாக்டர் ஆரம்பித்தார். அக்கா எழுந்து வெளியே வந்தார். தன் நாற்காலிக்குப் போய்ச் சீட்டுக் கட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஐந்து வரிக்குப் பத்து நிமிஷம் ஆனது. மடிக்காமல் என் கையில் கொடுத்து, உள்ளே கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

'டாக்டருக்கு' என்று தலைப்பு. கீழே போகப் போக எழுத்து கடுகாகியிருந்தது.

'சத்தமாப் பேசுன்னு ஞாபகப்படுத்தணும்.
எழுத நேரம் குடுக்கணும்.
எந்திரிக்கையில கேட்டா மட்டும் கை குடுக்கணும்.
சால்வை போடக் கூடாது.
வீட்டுக்கு அனுப்பக் கூடாது.'

டாக்டர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். கடைசி வரிக்கு ஃபைல் ரேக்கில் இருந்த பூதக்கண்ணாடியைத் தேடினார். படித்து முடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாலு கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கி வை. கோடு இருந்தா எழுத்து சுருங்காது. பேர அவங்களே கூப்பிடட்டும், தொண்டைக்கு அதுவும் மருந்துதான். நீ வாயத் திறக்கக் கூடாது."

வெளியே வந்து சொன்னேன். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். படியில் இறங்கும்போது, "ஒண்ணாங் கிளாஸ் புள்ளைக்கு வாங்குற நோட்டுதானே?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை மேஜையில் நாலு கோடு நோட்டு இருந்தது. முதல் டோக்கனை அக்கா கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மூச்சை இழுத்துத் திரும்பக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை, படிக்கட்டில் நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் என் அறை வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்னும் முப்பத்தாறு பேர் இருந்தார்கள்.