நான் போட்ட இரண்டாவது வரி

எங்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்த கையோடு வேற்றுக்கிரக அரசியல் தொடங்கிவிடும். ஏழரை மணிக்கு என் மாமியார் மணிமாலையை அதன் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டே, "ஏத்தா, படத்தப் போடு" என்பார். அவர் ஒரு காலத்தில் திண்டுக்கல்லில் வார்டு கவுன்சிலராக இருந்தவர். மற்ற தொடர்களில் மாமியாரும் மருமகளும் மூக்கைச் சிந்துவது அவருக்கு ஆகாது. "இம்புட்டு அழுகை எதுக்கு? ஒரு தீர்மானம் போட்டா முடிஞ்சிருமே" என்பார். என் கணவர் ஒருநாள் ஏதோ ஒரு விண்வெளித் தொடரை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வரும்போது அத்தை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

அந்தத் தொடரில் நீலத் தோல்காரர்கள் ஒரு கட்சி, தலையில் ஓடு முளைத்தவர்கள் எதிர்க்கட்சி. நடுவில் தண்ணீர் உள்ள ஒரு சின்னக் கிரகம். இரண்டு பேருக்கும் அதன்மேல் கண். கேட்டால் இருவருமே அதைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்வார்கள். நீல அரசி அனுப்பிய தூது அம்மாள் ஒருத்தி இரு தரப்பிலும் விருந்து சாப்பிட்டுக்கொண்டு, எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டு திரிவாள். அத்தைக்கு அவள்மேல் உயிர். "இவ நம்ம ஆளு. எங்க வேணா போவா, வருவா, ஆனா ஊர விக்க மாட்டா" என்பார்.

ஊரை விற்காதவளாக அவளை ஆக்கியது நான்தான்.

தொடர் தமிழில் மருந்துக்கும் இல்லை. கீழே ஆங்கில எழுத்து ஓடும். அத்தைக்கு ஆங்கிலமும் தெரியாது, கண்ணில் புரை வேறு. சர்க்கரை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். நான் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். திரையில் இரண்டு வரி வந்தால் முதல் வரியைப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்கும், இரண்டாவது ஓடிவிடும். அத்தை காத்துக்கொண்டிருப்பார். அதனால் இரண்டாவது வரியை நானே போட்டுவிடுவேன். தூது அம்மாள் ஓட்டுத் தலையர்களிடம் ரகசியமாக ஒரு பெட்டியைக் கொடுத்தபோது, "சமாதானக் கடுதாசி" என்று சொன்னேன். ஏழெட்டு வாரம் கழித்துத்தான் அது நீலப் படையின் ரகசிய வரைபடம் என்று எனக்கே விளங்கியது. அதற்குள் அத்தை அந்த அம்மாளின் பெருமையைக் கோயில் வாசலில் நான்கு பேரிடம் சொல்லி முடித்திருந்தார். பிறகென்ன, பொய்யை ஒட்டுப்போட்டு ஓட்டினேன்.

சொல்லிவிடுகிறேன், அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் நான் சட்னி அரைக்கிற சத்தம். அந்த நேரத்தில் மட்டும் அத்தை என் வாயையே பார்ப்பார்.

போன தை மாதம் கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி அவள் வந்தாள். மெட்ரிக் பள்ளியில் ஆங்கில டீச்சர். முதல் நாளே சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். அவள் கண் இரண்டு வரியையும் அலுங்காமல் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. அழகாக இருக்கிறாள், சம்பளம் வாங்குகிறாள், அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கண்தான் எனக்கு ஆகவில்லை.

மகளின் அட்மிஷனுக்காக ஒருநாள் காந்திகிராமம் போக வேண்டியிருந்தது. பஸ் கிடைக்கத் தாமதம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணி எட்டு. உள்ளே அத்தையின் சிரிப்பு. சாதாரணச் சிரிப்பில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. இத்தனை மாதத்தில் அத்தையை நான் அப்படிச் சிரிக்க வைத்ததே இல்லை. நான் நுழைந்ததும் இருவரும் கப்சிப். என் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியாத்தா? இன்னிக்கு இவ சொன்னா" என்றார் அத்தை, மறுபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு.

போச்சு, குட்டு உடைந்துவிட்டது, என்னை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மறுநாளிலிருந்து அத்தை, "இன்னிக்கும் அவளே சொல்லட்டும், நீ செத்த நேரம் உக்காரு" என்றார். இரண்டு வாரம் நான் பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்வதைக் கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. அவளும் என்னைப்போலவே பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரக் கடைசியில் நீல அரசி தூது அம்மாளைத் துரோகி என்று சபையில் நிறுத்தினாள். எழுத்து மெதுவாகத்தான் ஓடியது, எனக்கே புரிந்தது, அந்த அம்மாள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். இவளோ, "நான் ஊரை விக்கலன்னு சொல்றாங்க அத்தை" என்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டு. அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்குப் பிச்சை போடுகிறாள் என்று தோன்றியது. காட்டிக் கொடுத்திருந்தால்கூட நிம்மதியாக வெறுத்திருப்பேன். அடுப்படிக்கு அவள் தண்ணீர் குடிக்க வந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"உனக்குத்தான் சரியாப் படிக்கத் தெரியும்ல? எதுக்கு எம் பொய்யக் காப்பாத்துற?"

அவள் முகம் சிறுத்துவிட்டது. "நீங்க காந்திகிராமம் போன அன்னிக்கு உள்ளதத்தான் சொன்னேங்க்கா. அந்தத் தூது அம்மாதான் துரோகின்னு சொன்னேன். அத்தை விழுந்து விழுந்து சிரிச்சாங்க. 'இங்கிலீசு டீச்சருக்கே இங்கிலீசு தெரியல, உங்க அக்காட்டக் கேட்டுப் படி'ன்னாங்க."

நான் கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டேன்.

"இந்த ரெண்டு வாரமும் உங்கள மாதிரியே சொல்லிப் பாக்குறேன். வர மாட்டேங்குது. படம் முடிஞ்சு நீங்க அடுப்படிக்கு வந்ததும் தினமும், 'நாளைக்கு உனக்கு இன்னொரு நாள் தாரேன், அப்பவும் வரலன்னா பெரியவ சொல்லட்டும்'ங்கிறாங்க. எனக்கு உங்கமேல அம்புட்டுப் பொறாமையா இருக்குக்கா. அந்த வசனமெல்லாம் எங்க இருந்து பிடிக்கிறீங்க?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு நல்ல மனுஷி அந்த இடத்தில் அவள் தோளில் கை வைத்திருப்பாள். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. அதை மறைக்க அடுப்பைத் தணித்தேன், தணிக்க வேண்டிய அவசியமே இல்லாமல்.

"முதல் வரிய நிதானமாப் படி. அம்புட்டுத்தான்" என்றேன்.

இரண்டாவது வரியைப் பற்றி இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.