பூச்சி அண்டாத கை

இன்று அம்மாவும் நானும் வில்வண்டியில், சாரலில் நனைந்தபடி, குற்றாலத்துக்கு எனக்குப் பெண் பார்க்கப் போனோம்.

பெண்ணின் உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பது அம்மாவின் வழக்கம். அடுப்படி வேலைக்கு ஆகிற கையா என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். போன மாதம் ஆலங்குளத்தில் ஒரு பெண்ணை, "மீன்காரி கை மாதிரில்லா நாறுது" என்று சபையிலேயே சொல்லிவிட்டு எழுந்தாள். அந்தப் பெண் அழுதபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை சிரிக்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

இன்று பெண் வரத் தாமதமானதால் கால் கழுவப் புறவாசலுக்குப் போனேன். அங்கே கத்தரிச் செடிகளைப் புழு சல்லடையாக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு சீமைத் தக்காளி மட்டும் சேதமில்லாமல் நின்றது. அதன் தண்டில் இருந்த பிசுபிசுத்த முடிகளில் சின்னப் பூச்சிகள் கால் சிக்கித் துடித்துக்கொண்டிருந்தன. யாரோ அதில் கொத்தாக இலை பறித்திருந்தார்கள்.

பெண் வந்தாள். அம்மா கையைப் பிடித்து முகர்ந்த வேகத்தில் உதறினாள்.

"ஏட்டி, என்ன நாத்தம் இது? கையெல்லாம் பச்சையா இருக்கு!"

"தக்காளி எல, அத்தை. அந்தச் செடிய மட்டும் ஒரு பூச்சியும் அண்ட மாட்டேங்குது. நீங்க வாரியன்னு சொன்னாவ. அதான் கசக்கித் தேச்சிக்கிட்டேன்."

சொல்லும்போது அவள் பார்த்தது என்னை.

அம்மா இன்னும் சீயக்காய் போட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை செங்கோட்டையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறோம். அந்த ஊரில் யாராவது தக்காளி வளர்க்கிறார்களா? தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.