மாமா பிரித்த சொல்

ஆங்கிலச் சொல் எது அகப்பட்டாலும் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டாவிட்டால் எங்கள் மாமாவுக்குச் சோறு இறங்காது. பேராதனைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் இங்கிலீஷ் வாத்தியார். காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் 'பிரேக்' தனி, 'பாஸ்ட்' தனி என்று விரதம் முறித்த கதையை ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் ரொட்டி ஆறித் தோலாகிவிடும்.

அப்படிப்பட்டவரை, அக்காவைப் பெண் பார்க்க வரும் நாளில் யாராவது கூப்பிடுவார்களா? அம்மா கூப்பிட்டாள். கூடப்பிறந்த தம்பியாயிற்றே.

அப்பா கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர். நாங்கள் இருந்த குவாட்டர்ஸ் தோட்டத்துடையது. அவர் ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். மாப்பிள்ளைக்குக் கண்டியில் வங்கி உத்தியோகம். அவருடைய அப்பா கேசரியை மென்றுகொண்டே, "டவுன்ல ஒரு வீடு மட்டும் செஞ்சு குடுத்திருங்க, போதும்" என்றார்.

ஓய்வு பெறும்போது அப்பாவின் கைக்கு வரும் சேமலாப நிதி மொத்தமும் அதற்கே போய்விடும். அவர் தரையைப் பார்த்தபடி, "செஞ்சிரலாங்க" என்றார். எனக்கோ கலியாணத்துக்கு எடுக்கப்போகும் பட்டுப் பாவாடையிலேயே நினைப்பு.

மாமா தொண்டையைச் செருமினார். ஐயோ, இப்போதா!

"ஹஸ்பண்டுங்கிறது ரெண்டு பழைய வார்த்தை ஒட்டினதுங்க. மொதப் பாதி வீடு, மத்தது அதுல குடியிருக்கிறவன். சொந்தமா வீடு வாசல் உள்ளவனத்தான் அந்தக் காலத்துல அப்பிடிச் சொன்னாங்க. நம்ம பொம்பளைங்களும் வீட்டுக்காரர்னுதானே சொல்றாங்க? இப்ப பொண்ணோட அப்பாவே வீட்டையும் குடுத்துட்டா, மாப்பிள்ளைய என்னன்னு கூப்பிடுறது?"

மாப்பிள்ளையின் காது சிவந்தது. அவருடைய அப்பா, "எங்களுக்குப் பாடம் நடத்துறீங்களா?" என்று எழுந்தார்.

"சந்தேகந்தாங்க கேட்டேன்" என்றார் மாமா, பச்சைப்பிள்ளை போல.

தேநீரைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். "ஒன் இங்கிலீசக் கொண்டுபோயி கங்கையில போடு!" என்று அம்மா கத்தினாள். நான் அவர் முகத்தில் விழிப்பதில்லை என்று சபதமே எடுத்தேன்.

மாலையில் மாமாவைப் பேராதனை பஸ்ஸில் ஏற்றிவிட அப்பா போனார். சபதத்தை மறந்து நானும் பின்னால் போனேன். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ஏறச்சொல்லிக் கத்தினான். அப்பா மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். வந்த கலியாணத்தைக் கலைத்த மனுசனை அடிக்காவிட்டாலும் பரவாயில்லை, இப்படிக் கண் கலங்க வழியனுப்புவானேன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.