வராந்தாவில் நின்ற பட்டியல்

அந்த வாரம் ஹவுராவின் வானம் நிறையப் பட்டங்கள். விஸ்வகர்மா பூஜை முடிந்த பிறகும் பட்டறைக்காரர்கள் நூலைச் சுருட்டி வைக்கவில்லை. எங்கள் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் குடியிருப்பு ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. ஓரங்களில் துளையிட்ட, அகலமான கணிப்பொறித் தாள். பெயர்களுக்கு நடுவே சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்கு வீடு உண்டு. கோட்டுக்குக் கீழே முதல் பெயர் என்னுடையது. நாட்குறிப்பைப் புரட்டினால் தேதியையும் அன்று எத்தனை மணிக்கு மின்சாரம் போனது என்பதையும்கூடச் சொல்லிவிடலாம். எழுபதுகளின் நடுப்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் நலமாக இருக்கிறார்கள்.

அந்த வீடு எனக்கு மிகவும் வேண்டியிருந்தது. கரியாஹாட்டில் அண்ணன் குடும்பத்தோடு இரண்டே அறைகளில் இருந்தேன். எனக்குக் கல்யாணமாகியும், மனைவி தஞ்சாவூரில் பிறந்தகத்திலேயே காத்திருந்தாள். அழைத்து வந்தால் இருவருக்கும் படுக்க இடமில்லை என்பதுதான் காரணம்.

பட்டியலை அச்சிட்டது கணிப்பொறிப் பிரிவு. அதற்கு நிரல் எழுதியவள் என் அத்தங்கா. அத்தை மகளை எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். மாமா பிள்ளையான நான் அவளுக்கு அம்மாஞ்சி. என்னைவிட ஒரு வயது மூத்தவள், கல்கத்தாவிலேயே பிறந்து ஜாதவ்பூரில் படித்தவள். கோபத்துக்கு வங்காளி, கணக்குக்கு ஆங்கிலம், கேலிக்கு மட்டும் தமிழ் என்று மொழிகளைப் பிரித்து வைத்திருந்தாள். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். அவளை வேலைக்கு எடுத்ததே தவறு என்று நினைத்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

பலகையைப் பார்த்த அன்று மாலை, படகுத்துறையில் எனக்காகக் காத்திருந்தாள். என் பெயர் விட்டுப்போனதற்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“அம்மாஞ்சி, தப்பு என்னோடதுடா. வீடு வேண்டாம்னு எழுதிக் குடுத்தவாளை ஒவ்வொருத்தரா பட்டியல்லேர்ந்து எடுத்துண்டே போறச்சே, ஒருத்தரைப் பார்க்காமயே தாண்டிட்டேன்.”

“அதனாலென்ன, திருத்திடேன்.”

“திருத்தினா வீடு யாருக்கு? உனக்கு. பட்டியல் போட்டவ யாரு? உன் அத்தங்கா. ஆபீஸ்ல என்ன பேசுவா?”

“அப்படின்னா விட்டுடு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.”

“ஆகா, பெரிய தியாகி! தஞ்சாவூர்ல இருக்கறவளைக் கேட்டியோ? நீ வாயே திறக்காதே. லாபம் அடையறவன் பேசினா காரியம் கெட்டுடும்.”

நடந்தது இதுதான். எங்கள் தொழிற்சாலையில் இரண்டு நண்பர்கள் ஒரே நாளில் வேலையில் சேர்ந்து, ஒரே நாளில் வீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள். அதனால் பட்டியலிலும் அடுத்தடுத்து இருந்தார்கள். இருவரும் பேஹாலாவில் சேர்ந்தே மனை வாங்கி, சேர்ந்தே வீடு கட்டி, சேர்ந்தே ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். முதலாமவர் பெயர் போய்விட்டது. இரண்டாமவர் பெயர் கோட்டுக்கு மேலேயே நின்றது. “மிஷினே கொடுக்கிறது, நான் ஏன் வேண்டாம் என்பேன்?” என்று அவர் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தார். பணியாளர் அதிகாரியும் மிஷின் தவறு செய்யாது என்ற கட்சி. கணிப்பொறியைப் பார்த்திராத எங்களில் பலருக்கும் அப்போது அப்படித்தான் நம்பிக்கை.

மறுநாள் மதிய இடைவேளையில் அத்தங்கா அந்த அதிகாரியையும், எல்லோரும் வங்காளி முறைப்படி தாதா, அதாவது அண்ணன், என்றழைக்கும் சங்கச் செயலாளரையும் ஒன்றாகவே கேன்டீன் வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். பட்டியலில் பிழை இருக்கிறது என்று வங்காளியில் சொன்னாள்.

தாதா முதலில் கேட்டது, “திருத்தினால் யாருக்கு ஆதாயம், தீதி?”

“என் மாமா பிள்ளைக்கு. அதனால்தான் அறைக்குள் உட்கார்ந்து திருத்தாமல் உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன்.”

வராந்தாவில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நான் தூணோரம் நின்று தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டு குமாஸ்தாக்களை வரிசையாக நிற்க வைத்தாள். கண்ணாடி போட்ட இருவரை அடுத்தடுத்து நிறுத்தினாள். அதிகாரியிடம், “ஸார், நீங்கள்தான் மிஷின். முதல் ஆளிலிருந்து பார்த்துக்கொண்டே போங்கள். ஒருவரைப் பார்த்ததும் ஓரடி முன்னால் போக வேண்டும். கண்ணாடி போட்டவர், வீடு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர். அவரை மட்டும் வெளியே அனுப்பிவிடுங்கள்” என்றாள்.

அதிகாரி சிரித்துக்கொண்டே நடந்தார். கண்ணாடி போட்ட முதல் ஆளை, “போய்ட்டு வாருங்கள்” என்று அனுப்பினார். கெரசின் வரிசையிலும் ரேஷன் வரிசையிலும் வளர்ந்த ஊர். முன்னால் இடம் காலியானால் யாரும் சொல்லாமலேயே கால் நகரும். பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் ஓரடி முன்னே வந்து இடைவெளியை மூடினார்கள். அதே நேரத்தில் அதிகாரியும் ஓரடி எடுத்துவைத்தார். கண்ணாடி போட்ட இரண்டாமவர் அவருடைய தோளை உரசிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

“அரே ஸார், என்னை நீங்கள் பார்க்கவே இல்லையே!” என்று அவர் கத்தினார்.

வராந்தாவே சிரித்தது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். காலியான இடத்தில் மூக்குக் கண்ணாடியோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

“இப்போது மறுபடி நடங்கள் ஸார். ஒருவரை அனுப்பினால் மட்டும் அங்கேயே நில்லுங்கள். வரிசை உங்களிடம் வரும்” என்றாள் அத்தங்கா. இந்த முறை இருவரும் வெளியே போனார்கள். பட்டியலில் தங்கிப்போன பேஹாலாக்காரரும் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாதா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “சரி, சரி, எனக்குத்தான் வீடு இருக்கிறதே” என்றார்.

அப்போதெல்லாம் நிரலின் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டையில் துளைகளாக இருக்கும். திருத்திய அட்டையை அவள் தொடவில்லை. வேறொருவரைத் துளையிடச் சொல்லி, தாதா பக்கத்தில் நிற்க இயந்திரத்தில் ஓட்டினார்கள். புதிய தாளில் கோட்டுக்கு மேலே கடைசிப் பெயராக நான் வந்தேன். துர்கா பூஜைக்குள் மனைவியும் வந்து சேர்ந்தாள்.

பால் காய்ச்சிய அன்று அத்தங்கா வரவில்லை. அதன் பிறகும், எங்கள் கம்பெனியில் வேலை பார்த்தவரை, அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அந்தப் பக்கம் வந்தால் தெருவில் நின்றபடியே மாடியில் இருக்கும் என் மனைவியோடு பேசுவாள். “மேலே வாங்கோளேன்” என்று இவள் கெஞ்சுவாள். “உங்காத்துக் காப்பி எப்படின்னு எனக்குத் தெரியாதாக்கும், நான் தப்பிச்சேன்!” என்று அவள் கீழேயிருந்து சொல்வாள். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்ப்பார்கள். அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. தன் பெயரோடு என் பெயரையும் சேர்த்தே அவள் காப்பாற்றினாள் என்பது புரியச் சில வருஷங்கள் ஆயின. அந்த வீடு முறையில்லாமல் வந்தது என்று யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

என் மகள் இப்போது மென்பொருள் வேலையில் இருக்கிறாள். பட்டியலில் நடந்துகொண்டிருக்கும்போதே அதை மாற்றினால், சில கணிப்பொறி மொழிகளில் இயந்திரமே நின்று பிழை என்று அறிவித்துவிடுமாம். கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் காலத்து இயந்திரம் வாய் திறக்காது. வாய் திறக்க ஒரு மனுஷி வேண்டியிருந்தது, அவளுக்கு அதனால் வேலையே போயிருக்கலாம். அவளுடைய தைரியத்தால்தான் இந்த மகள் பிறந்து தவழ எனக்கென்று ஒரு தரை கிடைத்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அத்தங்கா வேறு வேலைக்குப் போனாள். ராஜினாமா ஏற்கப்பட்ட மறுநாள் காலை, கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு படியேறி வந்தாள். இரண்டு அறையையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள். எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

“இதுக்காடா எட்டு பேரை நிக்க வெச்சேன்? காத்தே வரலையே!” என்றாள்.

தெருவில் நின்றே பேசிப் பழகியவள் அல்லவா, அவள் குரல் அந்தச் சின்ன வீட்டுக்குள் மிகப் பெரிதாகக் கேட்டது.