மூன்றாவது ரிசீவர்

நான் கல்லூரியில் படித்த படிப்புக்கு இன்று எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் என்று நீளமான பெயர் இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பாலிடெக்னிக்கில் அது எலக்ட்ரிகல் டிப்ளமோவின் கடைசி வருடத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு விருப்பப் பாடம். வால்வு, ஆசிலேட்டர், தொலைபேசிக் கம்பி, அந்தக் கம்பியில் போகப் போகக் குரல் எப்படித் தேய்கிறது என்ற கணக்கு, இவ்வளவுதான். திண்டிவனத்தில் என் சித்தப்பா, "ரேடியோ ரிப்பேர் பண்றதுக்கு இன்னாத்துக்குடா காலேஜி?" என்று கேட்டார். எங்கள் ஆசிரியர்களிடமும் அதற்குப் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பாடத்தை எடுத்தவர்கள் ஒரு பெஞ்சை நிரப்பும் அளவுக்குத்தான் இருந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்தவன் திண்டிவனத்துக்கு அருகில் ஒரு கிராமத்துச் சேரியிலிருந்து வந்தவன். அவன் அம்மா ஊர்க்காரர்களின் கொல்லைகளில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பறிக்கப் போனார். மல்லாட்டை இல்லாத மாதங்களில் கிடைத்த வேலைக்குப் போனார். அவனுடைய உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. நான் தோற்றால் எங்கள் வீட்டில் இன்னொரு வருடம் சோறு போடுவார்கள், கொஞ்சம் திட்டோடு. அவன் தோற்றால் மறுபடி எழுத வழியில்லை. இது எங்கள் இருவருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

பரீட்சை எழுத வேண்டுமென்றால் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். எங்களை விழுப்புரம் ஜங்ஷனுக்கு அனுப்பினார்கள். அங்கே தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி வரப்போகிறது, அதனால் ஓரத்தில் ஓடும் தொலைபேசிக் கம்பிகளை எல்லாம் இறக்கிவிட்டு மண்ணுக்கடியில் கேபிள் போடப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இறக்கப்போகும் கம்பிகளில் பயன்படாத ஒரு ஜோடியை எங்களுக்குக் கொடுத்தார்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை அதில் ஒலி எவ்வளவு தேய்கிறது என்று அளந்து கொடுக்க வேண்டும். தூக்கி எறியப்போகும் கம்பியை எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. வேலை செய்யும் கம்பியில் மாணவர்களைக் கைவைக்க விடுவார்களா?

முதல் சில நாட்கள் எங்களை வேலை செய்யும் லைனைக் கேட்கச் சொல்லி உட்கார வைத்தார்கள். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம், எல்லா ஸ்டேஷனுக்கும் அது ஒரே கம்பி. இரண்டு பேர் பேசினால் மற்றவர்களும் ரிசீவரை எடுத்துக் கேட்கலாம். கூடாது என்று விதி இருந்தது. ஆனால் வண்டி வராத நேரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன் மாஸ்டர் வேறு என்ன செய்வார்? ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கம்பியில் வரும் குரல் ஒரு பானைச் சோறு மாதிரி. எத்தனை பேர் ரிசீவரை எடுக்கிறார்களோ அத்தனை பங்காகிவிடும். யாராவது எடுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே குரல் ஒரு படி இறங்கும். பழகியவர்கள் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"பேரணி, மல்லாட்டை மூட்டைக்கு வேகன் கேட்டீங்களே, நாளைக்கு வரும்."

"சரிங்க."

"விக்கிரவாண்டி, நீங்க கேட்டுக்கினு இருக்கறது தெரியுது. ஒங்களுக்கும் ஒரு வேகன் அனுப்பட்டுமா?"

"இல்லீங்க, சும்மா எடுத்தேன்."

"சும்மாவே வச்சிடுங்க. வேற சேதி இல்ல."

'வேற சேதி இல்ல' என்றதும் டக், டக், டக் என்று வரிசையாக ரிசீவர்கள் கீழே போகும். ஒவ்வொரு பேச்சும் அப்படித்தான் முடியும். அதைச் சொல்லாமல் யாரும் வைப்பதில்லை, சொல்லும்வரை கேட்பவர்களும் வைப்பதில்லை. எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த வழக்கம் எனக்கு வீண் வேலையாகப் பட்டது. நானும் நண்பனும் எங்கள் ஜோடிக் கம்பியில் பேசும்போது பாடப்புத்தகத்தில் உள்ளபடி எண்ணைச் சொல்வோம், குறித்துக்கொள்வோம், வைத்துவிடுவோம்.

அளவு எடுக்கும் முறை எளிமையானது. விழுப்புரத்தில் அவன் ஆசிலேட்டரிலிருந்து ஒரே சீரான ஒலியை அனுப்புவான். திண்டிவனத்தில் பார்சல் ஆபீஸை ஒட்டிய அறையில் நான் மீட்டரின் முள்ளைப் பார்ப்பேன். இடையிடையே ஒலியை நிறுத்திவிட்டு இருவரும் சோதனைப் போனில் எண்களைச் சொல்லிக்கொள்வோம். கம்பியில் இருந்தது இரண்டே போன், அவனுடையதும் என்னுடையதும்.

பகலில் முள் அசையாமல் நின்றது. விளக்கேற்றும் நேரத்தில் 'டக்' என்றது. முள் இரண்டு கோடு இறங்கியது.

"டேய், ரெண்டாவது போன் எதுனா மாட்டினியா?" என்று கேட்டேன்.

"நீ மாட்டினியான்னு நான் கேக்கலாம்னு இருந்தேன்."

நான் அறிவியல் படித்தவன். அதனால் கடலிலிருந்து வரும் உப்புக் காற்று கம்பங்களில் கம்பியைத் தாங்கும் பீங்கான் கிண்ணங்களில் படிகிறது, பொழுது சாய்ந்ததும் பனி இறங்கி ஈரமாகிறது, மின்சாரம் கசிகிறது என்று விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"பனி டக்குன்னு சத்தம் போட்டுக்கினாடா எறங்கும்?" என்றான்.

மறுநாளும் அதே நேரத்தில் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாளும். ஒலியை நிறுத்திவிட்டுக் கேட்டால் கம்பியின் ரீங்காரத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. மூச்சு என்று அவன் சொன்னான். நான் காற்று என்றேன். ஒரு மாலை அவன் தன் அம்மாவுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கூர்ந்து கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வது போல. அவன் பேசி முடித்ததும் மறுபடி தொடங்கியது. நாங்கள் வைத்த பிறகும் அது போகவில்லை. நான் மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறேன், அங்கேயே இருந்தது. காலையில் வந்து பார்த்தால் இருக்காது.

பயிற்சி இன்ஸ்பெக்டர் சென்னைக்காரர், சிரிக்காத மனிதர். சான்றிதழுக்கான கடைசிச் சோதனையை வைப்பவர் அவர்தான். "விளக்கு வைக்கறதுக்கு முன்னால ஆரம்பிச்சு, சாயங்கால பாசஞ்சர் திண்டிவனம் தாண்டற வரைக்கும் முள் ஆடக்கூடாது. எண்ணைத் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா டெஸ்ட் ரத்து. அடுத்த மாசம்தான்," என்றார். அடுத்த மாதத்துக்குள் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் தேதி முடிந்துவிடும்.

ஆகவே பழுதைத் தேடிக் கம்பியோடு நடந்தோம். அந்த ஜோடி ஒரு காலத்தில் லெவல் கிராசிங் கேட்டுகளின் போன்களுக்காகப் போட்டது. இப்போது அதில் ஒரு போனும் மிச்சமில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனோம். மயிலம் பக்கத்தில் மூடப்பட்ட ஒரு கேட்டின் காலிக் குடிசை மட்டும் நின்றது. பக்கத்தில் விசாரிக்க ஆளில்லாததால் கூட்டேரிப்பட்டு வரை நடந்துபோய் டீக்கடையில் கேட்டோம்.

"அந்தக் கேட்டா?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். "கேட்காரனைப் பூச்சி கடிச்சிட்டுது தம்பி, நல்ல பாம்பு. கூட்ஸ் வண்டியை நிறுத்தி ஏத்திக்கினு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கேட்டை வுட்டுட்டு வரக்கூடாதுன்னு பொண்டாட்டிய அங்கேயே நிக்க வச்சிட்டாங்க. ஆள் மாத்தி அனுப்பறோம்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அந்தாளு வழியிலியே போய்ட்டான். அந்தப் பொம்பள சாயங்காலத்திலேர்ந்து போனைக் காதில வச்சிக்கினு நின்னுச்சாம். டேசன்காரங்களுக்கு அது கேட்டுக்கினு இருக்கறது தெரியும். எப்பிடிச் சொல்றது? ஒருத்தரும் வாயத் தொறக்கல. வேற சேதி இல்லன்னும் சொல்ல முடியாதே, பொய்யில்ல அது? சும்மா வச்சிட்டாங்க. மறுநாளு வண்டியில பொணத்தக் கொண்டாந்தா வாங்கிக்க ஆளில்ல. ரிசீவரு தொங்கிக்கினு இருந்திச்சாம்."

"எங்க போனாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தம்பி டீ ஆத்தறேன், ஜோசியம் இல்ல சொல்லுவேன்? இந்தாங்க, ஆறிடும்."

கேட்டை விட்டுப் போகக் கூடாது என்பது சரியான விதி. பின்னாளில் என் வேலையில் பல விதிகளை நானே எழுதியிருக்கிறேன். அதை நான் எழுத நேர்ந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

திரும்பும் வழியில் குடிசைக்குள் போனோம். சுவரில் போன் பெட்டி இருந்த இடம் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. நான்கு மூலையிலும் திருகாணி ஓட்டைகள். வெளியே கம்பத்திலிருந்து குடிசைக்கு வந்த கம்பியைச் சுத்தமாக வெட்டியிருந்தார்கள். வேலை முறைப்படி நடந்திருந்தது. சதுரத்துக்குப் பக்கத்தில், தலை சாய்க்கும் உயரத்தில், சுவரில் ஒரு எண்ணெய்க் கறை. நண்பன் அதைத் தொட்டு விரலை மோந்தான்.

"வெளக்கெண்ணெ," என்றான். விரல் பளபளத்தது.

"சுண்ணாம்புச் சுவர்ல எண்ணெ வருசக்கணக்கா நிக்கும்," என்றேன் நான். நிற்குமா என்று எனக்குத் தெரியாது. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. வெளியே வந்து இருவரும் சற்று வேகமாகவே நடந்தோம். தலைக்கு மேலே எங்கள் கம்பி காற்றில் முனகிக்கொண்டு வந்தது.

சோதனை நாளன்று இன்ஸ்பெக்டர் விழுப்புரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் திண்டிவனத்தில் தனியாக இருந்தேன். ஒலி வந்தது. முள் நின்றது. நான் எண்ணைச் சொன்னேன், அவன் திருப்பிச் சொன்னான். பிளாட்பாரத்தில் விளக்கேற்றிக்கொண்டு வருபவரின் காலடி கேட்டது.

டக்.

முள் இரண்டு கோடு இறங்கியது. இறங்கிய எண்ணைச் சொன்னேன். வேறு எதையும் சொல்ல எனக்கு அனுமதியில்லை. ஒலி நின்றது. போனில் இன்ஸ்பெக்டரின் குரல் தூரத்தில் கேட்டது. "அவ்வளவுதான் தம்பி. அடுத்த மாசம் பாக்கலாம்."

"ஒரு நிமிசங்க," என்றான் அவன்.

பிறகு பேசினான். என்னோடு பேசவில்லை என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"அம்மா, நீங்க லைன்ல இருக்கறது தெரியுதுங்க. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனாங்களே, அவரு வழியிலியே தவறிட்டாருங்க. ஒங்க கிட்ட சொல்றதுக்கு யாருக்கும் வாய் வரல. ரொம்பக் கஷ்டப்படலையாம். அவ்வளவுதாங்க. வேற சேதி இல்லைங்கம்மா. வச்சிடுங்க."

கஷ்டப்படவில்லை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் நானும் கூடத்தான் இருந்தேன்.

கம்பியில் மூச்சு இல்லை. காற்றுமில்லை. பார்சல் ஆபீஸில் யாரோ தராசுத் தட்டை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மிக மெதுவாக, பழகிய கை தாங்கியில் வைப்பது போல, டக் என்றது.

"ஒலி குடு," என்றார் இன்ஸ்பெக்டர். ஒலி வந்தது. முள் ஏறித் தன் இடத்தில் நின்றது. எண்ணைச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பாசஞ்சர் வந்து, நின்று, திண்டிவனத்தைத் தாண்டிப் போகும்வரை முள் அசையவே இல்லை.

அதன் பிறகுதான் இன்ஸ்பெக்டர் பேசினார்.

"யார் கிட்ட பேசினே?"

"லைன்ல இருந்தவங்க கிட்டங்க."

சொல்லக் கூடாத பதில் அது. விதிப்படி அங்கேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அவன் அம்மா நாளைக்கும் யார் கொல்லையிலோ குனிந்திருப்பார் என்று ஏனோ தோன்றியது.

"வச்சிட்டாங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வச்சிட்டாங்கங்க."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ரிப்போர்ட்ல எடுத்த நடவடிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதுவே?"

"தகவல் தெரிவிக்கப்பட்டதுன்னு எழுதறேங்க."

"எழுது. கையெழுத்துப் போடறேன்."

பிறகு ரிசீவரை அவரே வாங்கியிருக்க வேண்டும். அவர் குரல் பக்கத்தில் வந்தது. "திண்டிவனம், வேற சேதி இல்ல," என்றார். விழுப்புரத்தில் ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.

நான் வைக்கவில்லை. இன்னும் ஏதாவது வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கம்பி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் வைத்துவிட்ட லைனில் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பது நான் ஒருவன்தான் என்று உறைத்தபோது, தலையைச் சுவரில் சாய்த்திருந்தேன். நிமிர்ந்து அவசரமாக வைத்தேன்.