மண்டிக்காரர் வைத்த தென்னை

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் செங்கல்பட்டு வீட்டை அடமானம் பிடித்திருந்தார் ஒரு அரிசி மண்டிக்காரர். வட்டி வாங்க வந்த முதல் மாசமே எங்கள் கிணற்றடியில் ஒரு தென்னங்கன்றை நட்டார். "இது காய்க்கறப்போ வூடு நம்மளுது ஆயிடும்" என்று கூட வந்தவரிடம் என் காதுபடச் சொன்னார்.

அன்றிலிருந்து மாசாமாசம் வட்டியோடு அசலிலும் கொஞ்சம் கட்டினேன். என் வீட்டுக்காரர் மகாபலிபுரம் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய பேட்டாவும் என் தையல் காசும் அதற்கே போயின. தீபாவளிக்குக்கூடப் புதுத்துணி எடுக்கவில்லை. "அசலுக்கு இன்னாம்மா அவசரம்? வட்டிய மட்டும் குடு, போதும்" என்பார் மண்டிக்காரர். ரசீது வாங்காமல் நான் நகரமாட்டேன். அந்தக் கன்றுக்கும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன்.

கெடு முடியப் பல வருஷம் இருக்கும்போதே கடன் தீர்ந்தது. பத்திரத்தைத் திருப்பித் தந்தவர், "அந்தத் தென்னை நான் வெச்சது" என்றார்.

"காய்க்கட்டும் அண்ணாத்த, சொல்லி அனுப்பறேன்" என்றேன்.

காய்த்தது. சொல்லியும் அனுப்பினேன். தன் மகள் கல்யாணத்துக்கென்று உரிமையோடு ஆள் அனுப்பித் தேங்காய் கேட்டார். கடை விலையில் ஒரு பைசா குறைக்காமல் காசு வாங்கிக்கொண்டு, ரசீதும் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.